மலைக்காட்டில் ஒரு மரத்தை வெட்டினால் பக்கத்து மரத்துக்கு என்ன ஆகும்? வடசென்னை மரவாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூளையில் தொடங்கி பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம் வரைக்கும் மரவாடிகளும் அறுப்பு மில்களும் இருக்கின்றன. அப்படி ஒரு மில்லில் கட்டை அறுக்கிற வேலை எனக்கு. நிலைக்கும் கதவுக்கும் மரம் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் கன அடி என்ன விலை, வைரம் (நடுவில் முற்றிய கெட்டி மரம்) எவ்வளவு, ஈரம் காய்ந்ததா என்றுதான் கேட்பார்கள். இப்போது "இது எந்தக் காட்டு மரம்? அங்க காடு மிச்சம் இருக்கா?" என்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெட்டின மரத்தின் கணக்கு பர்மிட்டிலேயே இருக்கும். வெட்டாமல் விட்ட மரம் என்ன நிலையில் நிற்கிறது என்பதற்குத்தான் எந்தச் சீட்டும் கிடையாது. கேட்டவர்களுக்குச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு ஏக்கருக்கு இரண்டு மூன்று மரம்தான் வெட்டுகிறார்களாம். அதற்கே காடு கெட்டுவிடுமா?

கெடும். எத்தனை வெட்டினார்கள் என்பது பாதிக் கணக்குதான். எப்படிச் சாய்த்தார்கள், எந்த வழியாக இழுத்து வந்தார்கள் என்பது மீதிக் கணக்கு.

இயற்கையான மலைக்காட்டில் பெரும்பாலும் தேர்வு முறையில் வெட்டுவார்கள். குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேல் பருத்த மரங்களுக்கு முத்திரை போட்டு அவற்றை மட்டும் எடுப்பார்கள். நடுத்தர மரங்களையும் இளங்கன்றுகளையும் இருபது முப்பது வருஷம் கழித்து வரும் அடுத்த வெட்டுக்கு விட்டுவைப்பார்கள். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் முப்பது மீட்டர் உயரத்தில் விரிந்து நிற்கிற மரம் தனியாகச் சாய்வதில்லை. பக்கத்து மரத்தின் கிளைகளை முறித்துக்கொண்டு வரும். நடுத்தர மரம் குறுக்கே இருந்தால் பிளந்துவிடும். கன்றுகள் அடியில் நசுங்கும். இது முதல் சேதம். அப்புறம் கட்டையை லாரி நிற்கிற இடத்துக்கு இழுக்கும்போது வழியோரத்து மரங்களின் அடிப்பட்டை உரியும், மேல்வேர் அறுபடும். மூன்றாவதாக, லாரிக்குப் பாதை வெட்டுவதிலும் கட்டை அடுக்கக் களம் சமன்செய்வதிலும் போகிற மரங்கள்.

பிரேசிலின் பாராகொமினாஸ் வட்டாரத்தில் 1990 வாக்கில் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மரத்தை வெளியே கொண்டு வருவதற்குள், 10 செ.மீ.க்கு மேல் குறுக்களவு உள்ள 27 மரங்கள் பலத்த அடி வாங்கியிருந்தன. அது மலைகூட இல்லை.

இறாலுக்குப் போட்ட இழுவலையில் கூடவே ஏறி வந்து சாகிற மீன்குஞ்சு எவ்வளவு என்பதைக் காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏலத்தில் இறால் மட்டும்தான் எடைக்கு வரும். மரத்தொழிலிலும் இதேதான் நடக்கிறது.

மலை என்றால் சேதம் ஏன் கூடுகிறது?

சரிவுதான் காரணம்.

சமதரையில் சாய்கிற மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். சரிவில் கீழ்நோக்கிச் சாய்த்தால் நுனி போய்ச் சேர வேண்டிய தூரம் அதிகம், அதனால் வேகமும் அதிகம். விழுந்ததும் நிற்காது. வழுக்கும், உருளும், வழியில் இருக்கிற மரங்களை வரிசையாக மோதும். கட்டையே பிளந்துபோய் விறகாவதும் உண்டு. அதனால்தான் அனுபவசாலிகள் சரிவுக்குக் குறுக்காக, இல்லாவிட்டால் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ப்பார்கள். சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். சரிவில் வளர்கிற மரத்துக்கு வெளிச்சம் கிடைக்கிற பள்ளத்துப் பக்கம்தான் கிளை அதிகமாக இருக்கும். பாரம் முழுக்க அந்தப் பக்கம் இழுக்கும்போது, ஆப்பும் கயிறும் வடமும் இல்லாமல் வேறு திசைக்குத் திருப்ப முடியாது. கூலியை மரத்தின் எண்ணிக்கைக்குக் கொடுத்தால் அந்தப் பொறுமை யாருக்கு இருக்கும்? மரம் எந்தப் பக்கம் விழ நினைக்கிறதோ அந்தப் பக்கமே விட்டுவிடுவார்கள்.

கட்டை இழுபடும்போது பெயர்கிற பாறைகளும் சும்மா இருக்காது. உருண்டு வந்து மரத்தின் மேட்டுப் பக்கத்தை அறையும். இழுக்கிற கட்டையும் நேராக வராது, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே வரும். அதனால் பாதைக்குக் கீழ்ப்பக்கம் நிற்கிற மரங்களுக்கு அடி அதிகம்.

பாதை வெட்டுவதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. இதை யாரும் கவனிப்பதில்லை. சரிவில் பாதை போட வேண்டுமானால் மேட்டைக் குடைந்து, அந்த மண்ணைப் பள்ளத்தில் தள்ள வேண்டும். மேலே இருக்கிற மரங்களின் வேர் அறுபடும். கீழே இருக்கிற மரங்களின் அடித்தண்டு மண்ணில் புதையும். வேருக்கு மேலே ஓரடி இரண்டடி மண் ஏறினால் காற்று கிடைக்காமல் வேர் மூச்சுத் திணறும். அந்த மரம் உடனே சாகாது. மூன்று நான்கு வருஷம் கழித்து நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும். அதற்குள் ஒப்பந்தக்காரர் கணக்கை முடித்துவிட்டுப் போயிருப்பார்.

கிளை ஒடிவது மோசமா, பட்டை உரிவது மோசமா?

பார்வைக்குக் கிளை ஒடிவதுதான் பயங்கரமாகத் தெரியும். முக்கால்வாசிக் கிளை போன மரம் பிழைப்பதும் கஷ்டம்தான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு கிளை போன மரம் பெரும்பாலும் தழைத்துவிடும், வளர்ச்சி சில வருஷம் பின்தங்கும், அவ்வளவுதான். மரத்தொழிலுக்கு நீண்ட நாள் நஷ்டம் தருவது அடிப்பட்டைக் காயம். தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஈரம் காயாது, மண்ணில் இருக்கிற பூஞ்சை சுலபமாக ஏறும். மரத்தில் அதிக விலை போகிற முதல் பத்து பன்னிரண்டு அடியும் அங்கேதான் இருக்கிறது.

காயத்தின் அளவும் முக்கியம். விரல் நீளத்துக்குச் சிராய்ப்பு என்றால் இரண்டு மூன்று வருஷத்தில் மூடிவிடும். உள்ளங்கைக்கு மேல் போனால் மூடப் பல வருஷம் ஆகும், அதுவரை கதவு திறந்தே இருக்கும். பட்டை மட்டும் உரிந்திருந்தால் ஒரு மாதிரி. மரநாரும் கிழிந்து சிலாம்பு சிலாம்பாகத் தொங்கினால் அழுகல் இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

மனுஷனுக்குக் காயம் ஆறுகிற மாதிரி மரத்துக்கும் ஆறிவிடாதா?

ஆறாது. இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் நிற்கிறது.

நம் உடம்பில் புண் வந்தால் கெட்டுப்போன சதை போய் அதே இடத்தில் புதுச் சதை வரும். மரத்துக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை உருவான மரத்திசுவைத் திரும்பப் புதுப்பிக்கவே முடியாது. மரம் செய்யக்கூடியது ஒன்றுதான்: கெட்ட இடத்தைச் சுற்றி அடைத்து, அதற்கு வெளியே புது வளையம் போட்டு மூடுவது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். 1977-இல் வெளிவந்த அவருடைய விளக்கத்தில் மரம் நான்கு சுவர் எழுப்புகிறது. மேலும் கீழும் பரவாமல் தடுக்கும் சுவர் நான்கிலும் பலவீனமானது. உள்ளே மையத்துக்குப் போகாமல் தடுப்பது கொஞ்சம் பரவாயில்லை. பக்கவாட்டுச் சுவர் அதைவிட வலு. நான்காவது, காயம்பட்ட பிறகு வளர்கிற புது மரத்துக்கும் பழைய மரத்துக்கும் நடுவே எழுகிற சுவர். எல்லாவற்றிலும் உறுதியானது அதுதான்.

அறுக்கிறவனுக்கு இது கண்ணால் பார்க்கிற விஷயம். ஒரு தேக்குக் கட்டை வந்தது. வெளியே சுத்தமாக இருந்தது. அடியிலிருந்து இரண்டடி உயரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு லேசாக ஒரு பள்ளத் தழும்பு. முதல் பலகை சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவது அறுப்பில் கறுப்பாக ஒரு பட்டைத் துண்டு உள்ளே புதைந்து கிடந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. அதன் இரண்டு பக்கமும் வளையங்கள் சுருண்டு உள்ளே மடிந்து ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு வெளியே இருபத்தைந்து வளையத்துக்கு மேல் அருமையான மரம். கால் நூற்றாண்டுக்கு முன்னால் பட்ட அடி அது. அந்தப் பட்டைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டி, மேல்நோக்கி ஆறடிக்கும் மேல் ஓடியது. மேல்கீழ்ச் சுவர் பலவீனம் என்பதற்கு அந்த ஆறடிதான் சாட்சி. கட்டையில் நடுப்பாகம் ரீப்பருக்குக்கூடத் தேறவில்லை. இழுவைப் பாதையோரத்தில் நிற்கிற மரங்கள் இப்படித்தான் வந்து சேருகின்றன.

காட்டில் அந்த மரம் பார்ப்பதற்கு ஆரோக்கியமாக நின்றிருக்கும். இலை விட்டிருக்கும், பூத்திருக்கும். "பார், வெட்டியும் காடு நன்றாகத்தான் இருக்கிறது" என்று அதைக் காட்டி யாராவது அறிக்கை எழுதியிருக்கவும் கூடும்.

எல்லா மரமும் ஒரே மாதிரி பாதிக்கப்படுமா?

இல்லை. மெல்லிய பட்டை உள்ளவை சீக்கிரம் அடிபடும். ஐரோப்பிய மலைகளில் பெருமளவு இருக்கிற ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் இதில் ரொம்ப மோசம். பட்டை மெல்லிசு, வேர் மேலாக ஓடும், காயம் பட்டால் அழுகல் ஆரம்ப வருஷங்களில் ஆண்டுக்கு ஓர் அடிக்கு மேல்கூட ஏறும். பைன் வகைகளுக்குப் பட்டையும் தடிப்பு, காயத்தில் பிசினை விட்டு அடைத்துக்கொள்ளும் திறனும் உண்டு. நம் ஊர்த் தேக்கு வைரம் பாய்ந்த பிறகு தாங்கும். ஆனால் வெளியே இருக்கிற வெள்ளை மரத்துக்கு அந்தத் தைரியம் கிடையாது. தீப்பெட்டிக்கு எடுக்கிற இலவு, பெருமரம் மாதிரியான மெதுமரங்களில் காயம் பட்டால் கறையும் பூஞ்சையும் உடனே பிடிக்கும். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை ஓடிய நாட்களில் அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், குச்சிக்கு வெள்ளை வெளேர் என்று மரம் வேண்டும் என்பார்கள்.

காட்டுக்கொடிகளால் என்ன பிரச்சினை?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் தொடை பருமனுக்குக் கொடிகள் இருக்கும். நான்கைந்து மரங்களின் தலையைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும். ஒன்றை வெட்டினால் மற்றதையும் சேர்த்து இழுக்கும். பக்கத்து மரம் வேரோடு சாயும், இல்லையென்றால் தலை முறியும். வெட்டுகிற ஆளின் மேலேயே எதிர்பாராத திசையிலிருந்து கிளை வந்து விழும். வெட்டுவதற்குப் பல மாதம் முன்பே, முடிந்தால் ஒரு வருஷம் முன்பே, கொடிகளை அடியில் அறுத்துவிட்டால் காய்ந்து பிடி தளர்ந்துவிடும். கையில் ஒரு அரிவாள் போதும். இந்தத் தொழிலில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு மரங்களையும் ஆட்களின் உயிரையும் காப்பாற்றுகிற வேலை வேறு எதுவும் இல்லை. அப்படியும் தவிர்க்கிறார்கள் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

யானை வைத்து இழுத்த காலத்தில் சேதம் குறைவு என்கிறார்களே, உண்மையா?

பெரிய அளவில் உண்மை. யானை ஒரு தடவைக்கு ஒரு கட்டைதான் இழுக்கும். மரங்களுக்கு நடுவே வளைந்து போகும், மாட்டிக்கொண்டால் நின்று தும்பிக்கையால் நகர்த்தும். அதற்குத் தனியாகப் பாதை வெட்ட வேண்டியதில்லை. புல்டோசர் அப்படி இல்லை, மண்ணையும் அழுத்தி இறுக்கிவிடும்.

பர்மா தேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரங்கூனிலிருந்து வந்தவர்கள்தான், வியாசர்பாடியில் இன்றும் அந்தக் குடும்பங்கள் உண்டு. பர்மாவில் 1856-க்குப் பிறகு பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன அதிகாரி ஏற்படுத்திய முறையில், வெட்டப்போகிற தேக்கின் அடியில் முதலில் சுற்றிலும் பட்டையையும் வெள்ளை மரத்தையும் வெட்டி வளையம் எடுப்பார்கள். மரம் நின்றபடியே செத்து, மூன்று வருஷம் போல உலரும். பச்சைத் தேக்கு தண்ணீரில் சரியாக மிதக்காது, ஆற்றில் விட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் இலையும் சிறு கிளையும் உதிர்ந்து எடை குறைந்த மரம் சாயும்போது பக்கத்து மரத்துக்கு அடியும் குறைந்தது. பிறகு யானை, பிறகு ஆறு. ஐராவதி வழியாக ரங்கூன் வந்து, அங்கிருந்து கப்பலில் மெட்ராஸ் துறைமுகம்.

அதற்காகப் பழைய காலம் எல்லாமே உத்தமம் என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலையில், இன்றைய டாப்ஸ்லிப் பகுதியில், கட்டைகளை மலைச்சரிவில் அப்படியே சரித்துவிட்டார்கள். கப்பல் கட்டவும் ரயில்வே ஸ்லீப்பருக்கும் தேக்கு கொட்டிக் கொட்டிப் போனது. ரயில் பாதை நீள நீள மலை மொட்டையானது. 1915 வாக்கில் ஆனைமலைக்கு வந்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி, வெட்டின அடிமரத்திலிருந்தே துளிர்க்கவிட்டும் விதைத்தும் தேக்கைத் திரும்பக் கொண்டுவந்தார். அவர் கல்லறையும் அங்கேயே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது.

மியன்மார் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவிலிருந்து வரும் தோட்டத் தேக்கு நம் மரவாடிகளில் அதிகமாகிவிட்டது.

வெட்டுவதற்கு ஏற்ற பருவம் என்று உண்டா?

உண்டு. மரம் துளிர்க்கிற பருவத்தில் பட்டைக்கு அடியில் சாறு ஓடும். அப்போது லேசாக உரசினாலே பட்டை தோல் மாதிரி கழன்று வரும். வளர்ச்சி அடங்கின பருவத்தில் பட்டை இறுகப் பிடித்திருக்கும். மழைக்காலத்தில் மண்ணும் இளகி இருப்பதால் வேர் சேதம், மண் அரிப்பு இரண்டும் கூடும். குளிர்நாடுகளில் உறைபனி மண்ணை மூடின பிறகு இழுப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. துளிர் வருமுன் வறண்ட மாதங்கள்தான்.

சேதமே இல்லாமல் வெட்ட முடியுமா? செலவு கூடிவிடாதா?

சேதமே இல்லாமல் முடியாது. பாதியாகக் குறைக்க முடியும், அது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. மலேசியாவின் சபா மாநிலத்தில் 1992-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஒரே மாதிரிக் காட்டில் ஒரு பகுதியை வழக்கமான முறையிலும் இன்னொரு பகுதியைத் திட்டமிட்டும் வெட்டிப் பார்த்தார்கள். திட்டமிட்டு வெட்டின பகுதியில் நிற்கும் மரங்களுக்குச் சேதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1996-இல் இதற்கென ஒரு மாதிரி நடைமுறைக் கையேடே வெளியிட்டது.

அவர்கள் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் குறித்தார்கள். கொடிகளை முன்கூட்டியே அறுத்தார்கள். இழுவைப் பாதையை முதலில் முடிவு செய்து, அந்தப் பாதையை நோக்கி மீன்முள் சாய்வில் மரத்தைச் சாய்த்தார்கள். டிராக்டர் பாதையை விட்டு இறங்கவே கூடாது, வடத்தை நீட்டித்தான் கட்டையை இழுக்க வேண்டும். ஓடைக்கரையிலும் செங்குத்தான இடத்திலும் வெட்டக் கூடாது. ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் முதலாவது. எந்தக் கருவியைக் கொடுத்தாலும் பிடிக்கிற கை தெரிந்த கையாக இருக்க வேண்டும்.

செலவு விஷயத்தில், திட்டம் போடுவதற்கும் பயிற்சிக்கும் முதலில் பணம் போகும். ஆனால் வெட்டிப்போட்ட கட்டையைத் தேடி டிராக்டர் காடெல்லாம் சுற்றுகிற டீசல் மிச்சமாகும், பிளந்து வீணாகிற கட்டை குறையும். பெரிய நஷ்டம் யாருக்கு என்றால், அடுத்த முறை வெட்ட வருகிறவருக்கு. குத்தகை பத்து வருஷம், மரத்துக்கு முப்பது வருஷம் என்று இருந்தால் இன்றைக்கு வெட்டுகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு வரும்? கோளாறு குத்தகையில் இருக்கிறது.

செங்குத்தான மலையில் என்ன செய்கிறார்கள்?

டிராக்டர் ஏற முடியாத சரிவுகளில், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற ஆல்ப்ஸ் நாடுகளில், கம்பிவடம் கட்டி அதில் கட்டையைத் தொங்கவிட்டு எடுக்கிறார்கள். மலைக்கோயில் ரோப்கார் மாதிரி. ஒரு முனையாவது தரையில் படாமல் வருவதால் மண்ணுக்கு நல்லது. ஆனால் பக்கத்திலிருந்து வடத்துக்கு இழுக்கும்போது வளைவுமுனையில் நிற்கிற மரங்கள் உரசி அடிவாங்கும். அதற்கு அவர்களிடம் ஒரு நல்ல உபாயம் உண்டு: எப்படியும் வெட்டப்போகிற ஒரு மரத்தை அந்த முனையில் கடைசிவரை நிற்கவிடுவார்கள். அடியெல்லாம் அது வாங்கிக்கொள்ளும், கடைசியில் அதையும் வெட்டி எடுப்பார்கள். வேலை முடிந்த பிறகு நிற்கிற மரங்களைச் சோதித்து, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் காயம் இருந்தால் வேலை சரியில்லை என்று வைக்கிற வழக்கமும் ஐரோப்பாவில் சில இடங்களில் உண்டு. இந்த ஒரு வழக்கம் எல்லா நாட்டுக்கும் வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

நம் மலைகளில் இப்போது மரம் வெட்டுகிறார்களா?

இயற்கைக் காட்டில் பச்சை மரத்தை வியாபாரத்துக்கு வெட்டுவது மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பாலும் 1980களோடு நின்றுபோனது. இமயமலைப் பக்கம், ரேணி கிராமத்தில் 1974 மார்ச்சில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற போராட்டத்துக்குப் பிறகு, 1981-இல் அன்றைய உத்தரப் பிரதேச மலைப்பகுதியில் 1000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் கொடுத்த உத்தரவு, அங்கீகரிக்கப்பட்ட பணித்திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்ட முடியாது என்றாக்கியது.

தனியார் நிலத்தில் நடக்கிறது. ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரியில் காப்பித் தோட்டத்துக்கு நிழல் தருகிற சில்வர் ஓக்கை வெட்டி விற்பார்கள். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் இதற்குத் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-இன்படி அனுமதி வேண்டும். தோட்டக்காரர்களிடம் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று: ஆள் மேலே ஏறி முதலில் கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு, கம்பம் மாதிரி ஆன பிறகுதான் அடியில் வெட்டுவார்கள். கீழே இருக்கிற காப்பிச் செடி அவர்களுடைய சோறு. அது கெடக் கூடாது என்கிற அக்கறை அங்கே தானாக வருகிறது.

பேக்கிங் பெட்டிக்கு வருகிற பைன் மரத்திலும் இந்தப் பிரச்சினை உண்டா?

நியூசிலாந்து ரேடியாட்டா பைன் தோட்டத்தில் நட்டு வளர்த்தது. ஒட்டுமொத்தமாக வெட்டித் திரும்ப நடுவார்கள், அங்கே காயப்பட நிற்கிற மரம் இல்லை. மண் அரிப்பு போன்ற வேறு கணக்கு அதற்கு உண்டு. ஐரோப்பிய ஸ்ப்ரூஸ் என்றால் மேலே சொன்னது பொருந்தும்.

நான் வாங்குகிற கட்டையில் பழைய காயத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முக்கால்வாசி முடியும். இரண்டு வெட்டுமுகத்தையும் பாருங்கள். வளையங்கள் ஓரிடத்தில் உள்ளே மடிந்திருக்கிறதா, கறுப்புக் கோடாகப் பட்டை தெரிகிறதா, ஒரு பக்கம் மட்டும் ஆப்பு வடிவத்தில் பழுப்பு படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிமுகத்தில் பொந்து இருந்து நுனிமுகத்தில் இல்லையென்றால் அழுகல் கீழிருந்து ஏறியிருக்கிறது. சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீர் என்றும் கெட்ட இடத்தில் மொத்தென்றும் கேட்கும். மேல்பட்டையில் குழிந்த தழும்பு இருந்தால் அதற்கு நேரே மேலும் கீழும் நாலடிக்கு நிலைக்கால் எடுக்காதீர்கள். ஆசாரியைக் கூட அழைத்து வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அண்ணே, எங்க தெருவுல வடிகால் தோண்டும்போது ஜேசிபி வாளி பட்டு வேப்பமரத்துப் பட்டை உரிஞ்சிடுச்சு. தார் பூசலாமா?

வேண்டாம்மா. தார், பெயிண்ட், சிமென்ட் எதுவும் அழுகலைத் தடுக்காது. உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்குத்தான் வசதி செய்யும். உரிந்து சில மணி நேரம்தான் ஆகிறது, பட்டைத் துண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது என்றால் அதே இடத்தில் வைத்து அழுத்தி, ஈரத்துணியோடு சேர்த்துக் கட்டிப் பாருங்கள். சில சமயம் ஒட்டிக்கொள்ளும். காய்ந்துபோயிருந்தால் தொங்குகிற செத்த பட்டையை மட்டும் கூரான கத்தியால் ஓரம் சுத்தமாக எடுத்துவிட்டு, காற்றுப்படத் திறந்து விடுங்கள். உயிரோடு இருக்கிற பட்டையைத் தொடாதீர்கள்.

பட்டையைவிட வேரைக் கவனியுங்கள். பள்ளத்தில் பிய்ந்து கிடக்கிற வேர்முனையை ரம்பத்தால் நேராக அறுத்துவிட்டு, அன்றைக்கே மண்ணால் மூடச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் பெரிய வேர்கள் போயிருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சிக்குத் தகவல் கொடுங்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது வேரைச் சுற்றிக் கான்கிரீட்டும் பள்ளமுமாக இருந்த மரங்கள் எப்படிப் பெயர்ந்து விழுந்தன என்று பார்த்தோமே. தோண்டின மண்ணை மரத்தடியில் குவித்து வைக்கவும் விடாதீர்கள். மலையில் பாதைக்குக் கீழே நிற்கிற மரத்துக்கு என்ன ஆகிறதோ அதுதான் இங்கேயும் ஆகும்.

மரம் வாங்கும்போது வியாபாரியிடம் என்ன கேட்கலாம்?

எந்த நாடு, இயற்கைக் காடா தோட்டமா, போக்குவரத்து பர்மிட் இருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். இறக்குமதி மரம் என்றால் எஃப்.எஸ்.சி. சான்று (காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து வெட்டிய மரம் என்பதற்கான சர்வதேசச் சான்று) உண்டா என்று கேளுங்கள். 1993-இல் தொடங்கிய அந்தச் சான்று முறையில், வெட்டும்போது மற்ற மரங்களுக்குச் சேதம் குறைவாக இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. சான்று உள்ள மரம் விலை கூடுதலாக இருக்கும். எல்லா மரவாடியிலும் கிடைக்காது. ஆனால் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காக வியாபாரி தேடிக் கொண்டுவருவார். எங்கள் தொழில் அப்படித்தான் ஓடுகிறது.

பழைய வீடு இடிக்கிற இடத்து மரம் வாங்கலாமா?

தாராளமாக. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடிப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது உத்தரமும் நிலையும் தூணுமாக நல்ல பர்மா தேக்கு வெளியே வருகிறது. அதற்காக எந்தக் காட்டிலும் இன்னொரு மரம் அடிபடப் போவதில்லை. நன்றாக உலர்ந்த மரம், முறுக்காது. ஆனால் உள்ளே ஆணி இருக்கும். மில்லுக்குக் கொண்டு வருவதற்கு முன் காந்தக் கருவி வைத்துத் தேடிப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் ரம்பம் போய்விடும், அறுப்புக் கூலியும் கூடும். உத்தரத்தில் சுவருக்குள் இருந்த இரண்டு முனைகளையும், நிலையில் தரையில் பதிந்திருந்த அடிப்பக்கத்தையும் ஓரடி கழித்து அளந்து விலை பேசுங்கள். ஈரம் ஏறி இற்றுப்போயிருப்பது பெரும்பாலும் அந்த ஓரடிதான்.